எல்லோருக்கும் மருத்துவம்: தனியார் காப்பீட்டின் பங்கு

திருமண வீட்டில் மொய் எழுதும் வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு குடும்பத்திற்கு வரும் பெருஞ்செலவை உற்றாரும் ஊராரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்வதே அதன் உட்பொருள். திருமணமாவது நாள் குறித்து வருவது. நோயோ சொல்லாமல் வருவது. அவ்வாறு சொல்லாமல் வரும் செலவைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே மருத்துவக் காப்பீடு. இதனைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும்போது மருத்துவ வசதி மேலும் பலரைச் சென்றடைகிறதா? அடைகிறது என்றால் எதுவரை? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், காப்பீடு இயங்கும் விதத்தை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். ஆயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வீதம் பிரீமியம் கட்டுவதாகக் கொள்வோம். மொத்தம் 60 இலட்சம் ரூபாய் சேரும். அவ்வாண்டில் முப்பது குடும்பங்களில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்து, சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய் செலவானால், 45 இலட்சம் ரூபாய் அதற்குப் போகும். எஞ்சிய 15 இலட்சம் அலுவலகச் செலவு, முகவர் கழிவு, நிறுவனத்தின் இலாபம் ஆகியவற்றுக்கு உரியது. மற்ற 970 குடும்பங்களுக்குப் பணம் திரும்பாது. ஏலச் சீட்டைப் போல் கட்டியது கைக்கு வரவில்லையே என்று பலர் வருந்துவர். ஆனால் நோய் வராமல் இருந்ததே அவர்கள் பெற்ற பேறு அன்றோ?

இனி, இதே கணக்கில் ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். "நாங்கள் நலமாகத்தானே இருக்கிறோம்" என்று 500 குடும்பங்கள் விலகிவிடுகின்றன. நோயுற்ற முப்பது குடும்பங்களும் விலகாமல் இருக்கின்றன. அப்போது ஒவ்வொரு குடும்பமும் 9,000 ரூபாய் கட்டினால்தான் சிகிச்சைச் செலவுக்கே ஈடாகும். பிரீமியம் உயர உயர, நலமுள்ளோர் மேலும் விலகுவர். இதனை அஞ்சியே தனியார் நிறுவனங்கள் முதியோரையும் நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளத் தயங்குகின்றன. காப்பீடு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது எட்டாமல் போகிறது. தனியார் காப்பீட்டின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. 107 நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களுக்குள் அடங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அந்நான்கில் ஒன்று. இந்நிறுவனங்கள் 1986-இல் 'மெடிகிளெய்ம்' என்னும் மருத்துவப் பாலிசியைக் கொண்டுவந்தன. 1999-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, 2000-ஆம் ஆண்டு முதல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட நாட்டின் முதல் நிறுவனமான ஸ்டார் ஹெல்த், 2006-இல் சென்னையில் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

தனியார் நிறுவனங்கள் இருவகையில் பங்காற்றுகின்றன. ஒன்று, பிரீமியம் கட்ட வசதி உள்ளவர்க்கு நேரடியாகப் பாலிசி விற்பது. மற்றொன்று, ஏழைகளுக்காக அரசு பிரீமியம் செலுத்த, அத்திட்டத்தை நடத்திக் கொடுப்பது. 2008-இல் மத்திய அரசு தொடங்கிய இராஷ்டிரிய சுவாஸ்திய பீமா யோஜனாவில், வறுமைக் கோட்டின் கீழுள்ள ஐவர் கொண்ட குடும்பம் 30 ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தி, ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்றிருந்தது. பொதுத்துறை, தனியார் என இருவகை நிறுவனங்களும் அதனை ஏற்று நடத்தின. தமிழகத்தில் 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை ஸ்டார் ஹெல்த் நடத்தியது. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2018-இல் இத்திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி செய்தது. ஏழைகளிடம் காப்பீடு சென்றது, பிரீமியத்தை அரசு ஏற்றுக்கொண்டதால்தான் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அப்படியானால் இடையில் இருப்போர் நிலை என்ன? முதலமைச்சர் திட்டத்திற்கு வருமான வரம்பு உண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்த அது பின்னர் உயர்த்தப்பட்டது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் உள்ளார். அவருடைய குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டியதால் அரசு அட்டை இல்லை. மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்குப் பின் பிரீமியம் கட்டக் கையில் மீதியும் இல்லை. கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நகைகள் அனைத்தும் அடகுக் கடைக்குச் சென்றன. இன்றும் அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். இவரைப் போன்றோரை 'விடுபட்ட நடுப்பிரிவினர்' என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை குறிப்பிட்டது. அவ்வறிக்கையின் கணக்குப்படி, அவர்கள் மக்கள் தொகையில் குறைந்தது 30 விழுக்காடு. அதாவது சுமார் 40 கோடிப் பேர்! தனியார் காப்பீடு உண்மையில் சென்றடைய வேண்டிய இடம் இதுவேயாகும்.

இதற்கு விதிகள் துணை செய்கின்றன. 2020 ஏப்ரல் முதல், எல்லா நிறுவனங்களும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்னும் பொதுவான பாலிசியை ஒரே விதிகளுடன் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. 65 வயது வரையுள்ளோருக்குப் பாலிசி அளித்தால் போதும் என்ற பழைய வரையறை 2024-இல் நீங்கியது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிக அளவு நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைந்தது. தனிநபர், குடும்பப் பாலிசிகளின் மேல் விதிக்கப்பட்டிருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

ஆயினும் பாலிசி கையில் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உதவும். மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்குப் பணம் தருபவை சிலவே. அறை வாடகைக்கு வரம்புள்ள பாலிசியில் அதிக வாடகை அறையில் தங்கினால், பிற செலவுகளிலும் ஒரு பகுதி கழிக்கப்படக்கூடும். இருக்கும் நோயை மறைத்துப் பாலிசி எடுத்தால், தேவையான வேளையில் கோரிக்கை மறுக்கப்படலாம். பாலிசி கிடைத்த முப்பது நாள்களுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கோரிக்கை தவறாக மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். அங்கு நீதி கிடைக்காவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மேலும், காப்பீடு பணம் தரும், மருத்துவரைத் தராது. அருகில் மருத்துவமனையே இல்லாத சிற்றூரில் பாலிசிக் காகிதத்தால் என்ன பயன்? ஆகவே ஆரம்பச் சுகாதார நிலையங்களும் அரசு மருத்துவமனைகளும் நன்கு இயங்குவதே அடித்தளம். அதன்மேல் எழுப்பும் சுவரே காப்பீடு எனலாம்.

அன்புத் தோழியரே! தனியார் காப்பீடு தானாக எல்லோரையும் அணைத்துக்கொள்ளாது. ஏழைகளுக்கு அரசு பிரீமியம் செலுத்த வேண்டும். நோயாளியை ஒதுக்காதபடி விதி காக்க வேண்டும். நலமாக இருப்போர் நலமாக இருக்கும்போதே சேர வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் நடுவில் நிற்கும் குடும்பங்களும் உள்ளே வர இயலும். இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் அப்பா அம்மாவிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் வீட்டில் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? இருந்தால் அந்தக் காகிதத்தை யாரேனும் முழுவதும் படித்திருக்கிறோமா? படிக்கத் தெரிந்த நாமே அதனைப் படித்து வீட்டாருக்கு விளக்கலாம். நாம் கற்ற கல்வியால் வீட்டிற்கு விளையும் உடனடிப் பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு