களமும் காலமும் – 9: நாம் சொல்லிக்கொடுத்த பிடி

போன வாரம் கபடி வீரர் மணத்தி கணேசன் காலத்து மண் களத்தில் நிறுத்தியிருந்தோம். 1994 ஹிரோஷிமாவில் அவர் கழுத்தில் ஏறிய தங்கத்துக்கு முன்பும் பின்பும் 2018 வரை ஆசிய விளையாட்டில் வேறு எந்த நாடும் கபடித் தங்கத்தைத் தொட்டதில்லை. 1990 பெய்ஜிங்கில் தொடங்கி 2014 இஞ்சியோன் வரை ஆண்கள் பிரிவில் 7 தங்கமும் நமக்கே. 2018 ஆகஸ்ட் 23 அன்று ஜகார்த்தா அரையிறுதியில் அது முடிந்தது. ஈரான் 27, இந்தியா 18. மறுநாள் பெண்கள் இறுதியிலும் ஈரானே வென்றது, 27–24. அந்தப் பெண்களைத் தயார் செய்த பயிற்சியாளர் யார்? நாசிக்கிலிருந்து போன ஷைலஜா ஜெயின்.

நம்மிடமிருந்து போனதே நம்மைத் தோற்கடிக்கும் கதை எங்கள் போடிப் பக்கத்துக்குப் புதிதல்ல. போடியைச் சுற்றியுள்ள இந்த ஊர்களுக்குச் சோறு போடுவது ஏலமலை. விடியும் முன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, பொழுது சாயத் திரும்பும் கூலிச்சனம். இங்கே ஏலக்காய் ஏலத்துக்குப் போகும் எவரிடமும் குவாத்தமாலா என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நம் மலைத்தொடரின் செடி போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டுக்குப் போனது. பிற்பாடு உலகச் சந்தையில் நம்மையே பின்னுக்குத் தள்ளியது. அதற்கு வந்த நல்ல பதில் நல்லாணி. இடுக்கி விவசாயி ஒருவர் தன் தோட்டத்திலேயே தேர்ந்து பெருக்கிய ரகம் அது. ஏக்கருக்கு எடுக்கும் காயைப் பல மடங்கு உயர்த்திவிட்டது. கபடிக்கு அப்படியொரு நல்லாணி இன்னும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

2014இல் புரோ கபடி லீக் வந்தது. வெளிநாட்டுக்காரர்களும் கூடவே வந்தார்கள். கொரியாவின் ஜாங் குன் லீ பெங்கால் வாரியர்ஸில் பாடிப் பழகினார். 2016 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் அகமதாபாத்தில் நம் கூட்டத்துக்கு முன்னால், கொரியா 34–32 என்று இந்தியாவைச் சாய்த்தது. ஈரானின் ஃபசல் அத்ராசலி இடது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்தால் விடுவது கிடையாது. லீக்கில் அதிக டேக்கிள் புள்ளி எடுத்தவர் இந்தியரல்லர், இவர்தான். 2023 ஏலத்தில் முகமதுரெசா ஷாத்லூயிக்கு 2.35 கோடி கொடுத்தார்கள். ஈரானியர்களுக்கு மல்யுத்தம் இரத்தத்தில் ஊறியது. இடுப்பும் தோளும் ஏற்கெனவே தயார். களத்தில் எங்கே நிற்பது, யார் கையைக் கோத்துக்கொண்டு எப்போது பாய்வது என்பது மட்டும் பாக்கி இருந்தது. அதை நம் லீக் சம்பளமும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது.

அதனால் வெளிநாட்டாரை விரட்டு என்கிறவர்கள் உண்டு. அது வீண் பேச்சு. ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் கற்றுக்கொண்டவனிடம் தோற்பது உலக வழக்கம். ரக்பி லீக் 1895இல் இங்கிலாந்தின் வடக்கே, ஆலைத் தொழிலாளர் ஊர்களில் பிறந்தது. பிரிட்டன் கடைசியாக ஆஸ்திரேலியாவை ஆஷஸ் தொடரில் வென்றது 1970இல். 2025இல் இங்கிலாந்து மண்ணிலேயே ஆஸ்திரேலியா 3–0 என்று வாரிக்கொண்டு போனது. இங்கிலாந்திலும் லீக் உண்டு, கூட்டம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் கடுமையாக மோதுகிற ஆட்டம் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறது.

நமக்கு லீக் இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றும் சரியில்லை. ஊர்த் திருவிழாவில் மின்விளக்குப் போட்டு விடிய விடிய ஆடுவது மண்ணில், வெறுங்காலோடு. தேர்வுக்குப் போனால் மேட், காலில் ஷூ. மண்ணில் சறுக்கித் தப்பும் பையன் மேட்டில் சறுக்க முடியாமல் நிற்பான். மேட்டில் கிடைக்கும் திருப்பமும் வேகமும் அவனுக்குப் பழக்கமில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி, தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாய்ப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்ற கணக்கெல்லாம் அவன் டிவியில் பார்த்ததோடு சரி. திறமையைத் தேடி ஊர் ஊராக அலையும் நாட்டில், கிடைத்த திறமை பதினெட்டு வயதில்தான் முதன்முறை மேட்டை மிதிக்கிறது.

பெண்கள் கதை இன்னும் மோசம். 2016இல் 3 அணிகளை வைத்து ஒரு மகளிர் சேலஞ்ச் நடத்தினார்கள், அதோடு சரி. ஆட்டத்தை நடத்தும் அமைப்பின் கதியும் சரியில்லை: 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு பல ஆண்டுகள் தேசியச் சம்மேளனம் நிர்வாகியின் கையில். 2025இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது.

இத்தனைக்கும் நாம் மீண்டோம். ஆனால் எப்படி? 2023 ஹாங்சோவில் பெண்கள் சீன தைபேயை முதல் ஆட்டத்தில் 34–34 என்று சமன் செய்து, இறுதியில் 26–25 என்று தப்பினார்கள். ஈரானுடனான ஆண்கள் இறுதியில் நடுவர்களோடு பெரும் தகராறு, ஆட்டம் நெடுநேரம் நின்றது, கடைசியில் 33–29. ஒரு பிடி நழுவியிருந்தால் இரண்டு தங்கமும் போயிருக்கும். அதற்காக இளையோரைக் குறைசொல்ல முடியாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வாங்கினார்கள். பெண்கள் இறுதியில் ஈரானை 75–21 என்று நசுக்கினார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

போடிப் பக்கத்து விழாக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பையின் உயரத்தை ஆண்டுக்கு ஆண்டு கூட்டாதீர்கள். அந்தப் பணத்தை இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து போட்டு ஒரு மேட் வாங்குங்கள்; பள்ளிக்கூடத்தில் விரித்து வையுங்கள். மலையிலிருந்து ஜீப் இறங்கும் நேரத்துக்கு அங்கே விளக்கு எரியட்டும். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்தால், அடுத்த பையனும் பதினெட்டு வயதில்தான் மேட்டைப் பார்ப்பான்.