முதலில் சட்டம், கடைசியில் படுதா

தேனி மாவட்டத்தில் கூரை திறந்த பழைய வண்டி என்றால் அது ஜீப்தான். முன்கண்ணாடியை போனட்டின் மேல் சாய்த்துவிடலாம். இரும்பு வளைவுகளைக் கழற்றி, படுதாவைச் சுருட்டி வைத்துவிடலாம். கதவே இல்லாவிட்டாலும் அது முழு வண்டிதான். விடியுமுன் கம்பம், தேவாரம், கோம்பை, போடிநாயக்கனூர்ப் பக்கங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளிப் பாதைகளில் இடுக்கி மலைக்கு ஏறுவதும், பொழுது சாயும்போது அவர்களை ஊரில் கொண்டுவந்து இறக்குவதும் பல பத்தாண்டுகளாக இந்த வண்டிகளின் பிழைப்பு. கொழுக்குமலை தேனி மாவட்டத்து மலை. ஆனால் அங்குள்ள தேயிலைத் தோட்டத்துக்குப் போக, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான பாதையில் ஜீப்பைத்தான் நம்ப வேண்டும். இப்படி உழைத்து ஓய்ந்து, ஏதோ ஒரு தோப்போரம் கொடி படர்ந்து நிற்கும் ஜீப்பை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர ஆசை மட்டும் போதாது. கணக்குப் போடாமல் கை வைத்தால் பாதி வழியிலேயே பணம் தீர்ந்து, கழற்றிய பாகங்கள் சாக்கு மூட்டைகளில் கிடக்கும்.

கிடைப்பது எந்த ஜீப் என்பதை முதலில் அறிய வேண்டும். இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ ஜீப்புகளைச் செய்தன. 1945-இல் லூதியானாவில் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் பின்னர் வில்லிஸ் உரிமத்தில் ஜீப்புகளை இந்தியாவில் கட்டத் தொடங்கியது. உயரமான போனட்டுடன் நிற்கும் சிஜே3பி அந்த வழியில் வந்தது. அதன் 2.2 லிட்டர் 'ஹரிகேன்' பெட்ரோல் எஞ்சின் உயரமானது என்பதால்தான் போனட்டும் உயர்ந்தது. பிறகு டீசல் காலம். 1980-களில் வந்த எம்எம்540 ஜீப்பில் பியூஜோ வடிவமைத்த 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் இருந்தது. மலைப்பாதையில் பெட்ரோல் குடிக்கும் அளவைத் தாங்க முடியாமல், பழைய பெட்ரோல் ஜீப்புகளில் வேறு வண்டியின் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தியவர்கள் ஏராளம். வாங்கும் வண்டி ஆலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா, மூன்று வண்டிகளின் பாகம் சேர்ந்த வண்டியா என்பதைப் பொறுத்து மொத்தச் செலவும் மாறும்.

அடுத்த கேள்வி, வண்டி எதற்கு என்பது. தோட்டத்துக்குப் போய்வர வேண்டிய ஜீப்புக்கு நல்ல பிரேக்கும் கிளட்சும் போதும். பெயின்ட் சுமாராக இருந்தாலும் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை மேகமலைக்கோ சுருளிக்கோ குடும்பத்துடன் போகும் ஜீப்புக்கு இருக்கையும் வயரிங்கும் கூடுதலாகக் கேட்கும். கண்காட்சியில் நிற்க வேண்டிய ஜீப்புக்குச் செலவு எல்லையே இல்லாமல் நீளும். அந்தக் காலத்து விளக்கு வளையம் ஒன்றைத் தேடி ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும். மூன்றையும் ஒரே வண்டியில் அடக்கப் பார்ப்பவர்தான் அதிகம் செலவழிக்கிறார்; மூன்றுமே அவருக்குக் கிடைப்பதில்லை.

ஸ்பேனரைத் தொடுமுன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் 1996-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. டிஎன் 60 என்ற எண் வருமுன் பதிவான ஜீப்புகள் மதுரை எண்ணுடன் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் வாங்கிய ஜீப் கேஎல் 06 என்ற இடுக்கி எண்ணோடு வரும். அதற்கு அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் கார் வகைக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025-இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ரூபாய் ஆனது. ஆர்.சி. புத்தகமே இல்லாத ஜீப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அது பாகங்களுக்காக மட்டுமே பயன்படும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி வழி ஒன்றைத் திறந்தது. 'விஏ' என்ற எழுத்துகள் உள்ள எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். 2026-இல் கணக்கிட்டால் 1976-க்கு முன் பதிவான சிஜே3பி இதற்குத் தகுதி பெறும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அந்த வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவை மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். டீசலுக்கு மாறிய ஜீப்புக்கு இந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. எஞ்சின் மாற்றம் சாதாரணப் பதிவிலும் சிக்கல்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே வண்டியில் இருக்கின்றனவா என்று பென்சில் தேய்த்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். துரு நீக்கும்போது கிரைண்டர் அந்த எண்ணைத் தின்றுவிடாதபடி பட்டறையில் முதல் நாளே சொல்லிவிடுவதும் நல்லது.

இனி வண்டியைப் பார்ப்பது. ஏறிய பாதை எதுவோ அதற்கேற்ப ஜீப் தேய்ந்திருக்கும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு ஏறும்போது கிளட்ச் தேயும்; இறங்கும்போது கியரும் பிரேக்கும் தேயும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் இரண்டாவது கியர் தானாக நழுவினால் கியர் பாக்ஸைப் பிரிக்காமல் தீராது. டிரம்கள் சூடேறிச் சூடேறி நீலம் பாரித்திருக்கும். பலமுறை லேத்தில் கடைந்து மெலிந்த டிரம்மை மீண்டும் கடைய முடியாது. அனுமதித்ததைவிட இரண்டு மடங்கு ஆளேற்றிய ஜீப்பில் ஸ்பிரிங் பட்டைகள் வளைவிழந்து தட்டையாகியிருக்கும்; பட்டை மாட்டும் கொக்கிகளைச் சுற்றி சேஸில் மயிரிழை வெடிப்பு ஓடும். ஸ்டியரிங்கை அசைக்கும்போது கால் சுற்று வரை சக்கரம் திரும்பாமல் ஆடினால், முன் ஆக்சிலின் முட்டிகளும் ஸ்டியரிங் பெட்டியும் சேர்ந்தே செலவு வைக்கும்.

துருவுக்கும் இந்தப் பக்கம் ஒரு தனிக் கணக்கு உண்டு. பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும்போதே மலையில் சாரல் விழும். ஜீப் தினமும் இரண்டையும் பார்க்கிறது. அதைவிடக் கெடுதல், ஏற்றிய சரக்கு. பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு; கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தி ஈரத்தில் கரைந்தால் கடலோரக் காற்றைப் போலவே தகட்டைத் தின்னும். ஏலச் செடிக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கான மயில்துத்தம் இன்னும் பொல்லாதது. ஈரமான இரும்பில் பட்டால் செம்பு படிய, இரும்பு கரைந்து போகும். அதனால் தோட்டத்து ஜீப்பில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத் தரையின் அடியும், தரையைத் தாங்கும் குறுக்குத் தாங்கிகளும்தான். மேலே பட்டி பூசிப் பளபளக்கும் தகட்டை சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டினால் தெரிந்துவிடும்: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மந்தமாகச் சத்தமிடும். பிறகு சேஸின் மூலைக்கு மூலை குறுக்காக இரு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

இவ்வளவு பார்த்த பிறகும், பிரித்துப் பார்க்காமல் முழுத் தொகையைச் சொல்ல எந்த நல்ல மெக்கானிக்காலும் முடியாது. எனவே மதிப்பீட்டை இரண்டு கட்டமாகக் கேட்பதே முறை. முதல் கட்டம், வண்டியை முழுதாகப் பிரித்து, கழுவி, எது தேறும் எது தேறாது என்று எழுதுவதற்கு மட்டும். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகே இரண்டாவது. பிரிக்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் கைப்பேசியில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்கும் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. பூட்டும்போது பல நாள் கூலி மிச்சமாகும்.

வண்டி வாங்கிய விலை போக, கையில் 5 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றரை லட்சத்தை முதலிலேயே ஒதுக்கி, அது இல்லை என்றே எண்ணிக்கொண்டு, மூன்றரை லட்சத்துக்குத் திட்டமிட வேண்டும். சேஸ், பாடி வேலைக்கு 1 லட்சம், எஞ்சினுக்கும் பம்ப், நாசிலுக்கும் 70,000, கியர் பாக்ஸ், ஃபோர் வீல் பெட்டி, ஆக்சில்களுக்கு 45,000, பிரேக், ஸ்டியரிங், பட்டைகளுக்கு 40,000, டயர்களுக்கு 30,000, பெயின்டுக்கு 30,000, படுதாவுக்கும் இருக்கைக்கும் 20,000, வயரிங்குக்கு 15,000. விலைவாசி இடத்துக்கு இடம் மாறும். இங்கே கவனிக்க வேண்டியது விகிதத்தை. கண்ணுக்குத் தெரியும் பெயின்டும் படுதாவும் இருக்கையும் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான். ஒதுக்கி வைத்த ஒன்றரை லட்சம் ஆடம்பரம் அல்ல. பிரித்த பிறகு ஒரு வெடித்த சிலிண்டர் ஹெட்டோ, உள்ளே உளுத்த சேஸோ நிச்சயம் அதைக் கேட்கும். கூலியை மொத்தமாகப் பேசினாலும், சேஸ் முடிந்ததும் ஒரு பங்கு, எஞ்சின் ஓடியதும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

வேலையின் வரிசை கீழிருந்து மேல். அடிச்சட்டம் நேராகி, வெடிப்புகள் வெல்டாகி, துருத் தடுப்புப் பூச்சு ஏறிய பிறகே மற்றவை. இதில் ஜீப்புக்கு ஒரு கொடுப்பினை உண்டு. எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் திறந்த கார்களில் தனிச் சேஸ் கிடையாது. கூரையும் இல்லாததால் பாரமெல்லாம் கதவடி விளிம்பில்தான் நிற்கும். அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் மடியும். ஜீப்புக்கு ஏணி போன்ற தனிச் சட்டம் இருப்பதால் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு நிதானமாக வேலை செய்யலாம். தரைத் தகட்டை வெட்டுமுன் பாடிக்குள் குறுக்குக் கம்பிகளை வெல்டு செய்து நிறுத்த மட்டும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் திறந்த பாடி முறுக்கிக்கொள்ளும். பாதிக்கு மேல் உளுத்திருந்தால் ஒட்டுப்போடுவதைவிடப் புதுப் பாடி மலிவு. உலகெங்கும் ஜீப் மீட்பவர்களுக்காகப் பிலிப்பைன்சில் வில்லிஸ் பாடிகளை இன்றும் புதிதாகவே செய்கிறார்கள். இந்தியாவிலும் செய்து தருபவர்கள் உண்டு. பழைய பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும், திறந்த ஜீப்புகளுக்கே பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலியும் இருக்கின்றன. தொலைவிலிருந்து வாங்கும்போது பழைய பாகத்தைக் கையில் வைத்து அளவும் எண்ணும் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

பணம் குறையும்போது எதைக் குறைத்தாலும் பிரேக்கில் மட்டும் குறைக்கவே கூடாது. மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், குழாய்கள், லைனிங் எல்லாம் புதிதாகவே இருக்க வேண்டும். பழைய ஜீப்பில் கைபிரேக் சக்கரங்களில் இல்லை. ஃபோர் வீல் பெட்டியின் பின்னால் தண்டைப் பிடிக்கும் தனி டிரம்மில் இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து ஆயில் கசிந்தால் லைனிங் நனைந்து கைபிரேக் பிடிக்காது. மேட்டில் நிறுத்திய ஜீப் உருள்வதற்கு இது ஒரு காரணம். சில நூறு ரூபாய் ஆயில் சீல் பல உயிர்களைக் காக்கும்.

நாளைக் குறிப்பதும் திட்டத்தின் பகுதிதான். ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் பட்டறைகளில் ஓடும் வண்டிகளுக்கே முதலிடம். மீட்பு வேலை மூலையில் காத்துக் கிடக்கும். ஆடிக்காற்றில் கம்பம் பள்ளத்தாக்கில் பெயின்ட் அடித்தால் புழுதியும் சேர்ந்தே ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பூச்சு மங்கும். எனவே சேஸ், எஞ்சின் வேலைகளைப் பறிப்பு மும்முரமாகுமுன் முடித்து, தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களைப் பெயின்டுக்கு வைத்துக்கொள்வது பொருந்தும்.

பெயின்ட் காய்ந்து, கண்ணாடிச் சட்டமும் இரும்பு வளைவுகளும் பூட்டிய பிறகே படுதா தைப்பவரை வரவழைக்க வேண்டும். பழைய படுதாவை அளவாகக் கொடுத்தால், வளைந்த கம்பிக்கு வளைந்த துணிதான் வரும். வண்டியின் மேலேயே அளவெடுத்து, சாரல் அடிக்கும் முன்பக்க விளிம்பில் இரட்டைத் தையலும், வளைவுகள் உரசும் இடங்களில் கூடுதல் பட்டையும் வைத்துத் தைக்க வேண்டும். கித்தான் துணியானால் முதல் மழையில் சற்றுச் சுருங்கும். அதற்கு இடம் விட்டே கொக்கிகளைப் பொருத்துவார்கள். ரெக்சின் சுருங்காது, ஆனால் வெயிலில் வெடிக்கும். எதுவானாலும் மலையிலிருந்து நனைந்து வந்த படுதாவைச் சுருட்டி வைக்காமல், வண்டியிலேயே விரித்துக் காயவிட்ட பிறகுதான் மடக்க வேண்டும்.