ஆறு பாட்டும் ஒரு பெட்டியும்



எமது நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுக்கும் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிள்ளை அறையைப் பூட்டிக்கொண்டு கம்பியூட்டரில் டும் டும் என்று ஏதோ செய்கிறான். மெஷின் அடிக்கிற மேளமெல்லாம் ஒரு சங்கீதமா, அண்ணை?"

நான் சங்கீதம் படித்தவன் அல்லன். வர்த்தகப் பட்டதாரி, தொழிலால் கணக்காளன். வானொலி எனக்குத் தொண்டு. ஆனால் ஒன்றின் பெறுமதி என்ன என்று பார்ப்பது என் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தோடு, 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறிய ஆங்கில இசைத்தட்டைப் பற்றி இம்மாதம் சொல்கிறேன். அதன் கதையில் எங்கள் பெண் ஒருவரும் வருகிறார்.

எலாஸ்டிக்கா என்பது லண்டன் ரொக் இசைக்குழு. ஜஸ்டின் ஃபிரிஷ்மன் என்ற பெண்மணி 1992இல் தொடங்கியது. 1995 மார்ச்சில் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நேரே முதலாம் இடத்துக்குப் போனது. கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், சுருக்கமான வேகமான பாட்டுகள். இவ்வளவுதான் அவர்களுடைய முதல். அதன்பின் நான்கு ஆண்டுகள் புதிய தட்டு எதுவும் வரவில்லை. ஆட்கள் விலகினார்கள், புதியவர்கள் சேர்ந்தார்கள், இரண்டாவது தொகுப்பு இழுபட்டுக்கொண்டே போனது. 1999இல்தான் ஆறு பாட்டுகள் கொண்ட ஒரு இ.பி. வெளியானது. அதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. 'ஆறு பாட்டு இ.பி.' என்பதே பெயர்.

இ.பி. எங்களுக்குப் புதிது அல்ல. ஊரில் கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் லவுட்ஸ்பீக்கர்காரர் கொண்டுவரும் பெட்டியில் இருந்த சின்னத் தட்டுகள் நினைவிருக்கும். ஒரு பக்கம் இரண்டு சினிமாப் பாட்டு, திருப்பினால் இன்னும் இரண்டு. ஒற்றைப் பாட்டுத் தட்டுக்கும் முழு எல்.பி.க்கும் இடையில் நிற்பது அது. கணக்குப் பாஷையில் சொன்னால், எல்.பி. ஆண்டறுதிக் கணக்கு என்றால் இ.பி. இடைக்காலக் கணக்கு. வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று அது காட்டும்.

எலாஸ்டிக்காவின் இ.பி. அதை ஒளிக்காமலே காட்டியது. ஆறில் இரண்டு பாட்டு வீட்டில் பதிவு செய்தவை என்று பாட்டுப் பட்டியலிலேயே போட்டிருந்தார்கள். அதில் ஒன்று, குழுவை விட்டு விலகியிருந்த கிற்றார் கலைஞர் டொனா மத்தியூஸ் வீட்டில் செய்து வைத்த மாதிரிப் பதிவு. இன்னொரு பாட்டில் 'த ஃபோல்' குழுவின் மார்க் ஈ. ஸ்மித் வந்து குரல் கொடுத்தார். அதே குழுவில் முன்பு கீபோர்ட் வாசித்த டேவ் புஷ் இப்போது எலாஸ்டிக்காவில் இருந்தார். அதனால் பழைய கிற்றார் ஓசையோடு மின்னியல் ஓசையும் கலந்து வந்தது.

இந்தக் கலவை எப்படி நிற்கிறது? கோயில் மேளச் சமாவை நினைத்துப் பாருங்கள். தாளம் போடுபவர் கடைசிவரை ஒரே அளவில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் அசையாமல் இருப்பதால்தான் தவில்காரர் துணிந்து எங்கேயோ போய்த் திரும்பி வர முடிகிறது. தாள இயந்திரமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு தாளக்கட்டைப் பதினாறு சிறு பங்குகளாகப் பிரித்து, எந்தப் பங்கில் எந்த ஓசை என்று பதிந்துவிட்டால், நிறுத்தும்வரை அது மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கிற்றார் அப்படி அல்ல. கம்பியின் அதிர்வைக் காந்தம் மின்சாரமாக மாற்றுகிறது, ஆனால் கம்பியைத் தட்டுவது மனிதக் கை. அது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். மாறாத ஒன்றுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் காதுக்கு நன்றாகத் தெரியும். அங்கேதான் ரசனை.

இனி எங்கள் பெண்ணுக்கு வருவோம். மாதங்கி அருள்பிரகாசம், மாயா என்று அழைக்கப்படுபவர், 1975இல் லண்டனில் பிறந்து கைக்குழந்தையாக இலங்கைக்குப் போனவர். 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாகத் திரும்பி, மிச்சத்தில் கவுன்சில் வீட்டில் வளர்ந்தார். சென்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படக் கலை படித்தார். எலாஸ்டிக்காவின் இரண்டாவது தொகுப்பு 2000ஆம் ஆண்டில் ஒருவாறு வெளியானபோது அதன் அட்டைப் படத்தைச் செய்தவர் இவர்தான். குழு அமெரிக்காவுக்குப் பயணம் போனபோது படம் பிடிக்கவும் கூடவே போனார்.

அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற கனேடியப் பாடகியும் மேடை ஏறினார். பின்னால் வாத்தியக்காரர் யாரும் இல்லை. ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி. 505 என்ற பெட்டி மட்டும். ட்ரம்ஸ், பேஸ், கீபோர்ட் எல்லாம் அதற்குள். மாயாவுக்கு அதைத் தொட்டுப் பார்க்கத் துணிவு கொடுத்தவர் பீச்சஸ். பிறகு ஜஸ்டின் தன்னிடம் இருந்த 505 பெட்டியை இரவல் கொடுத்தார். வாத்தியம் எதுவும் பயின்றிராத மாயா, அதில் தட்டித் தட்டியே தன் முதல் பாட்டுகளைக் கட்டினார்.

2003இல் 'கலங்' என்ற பாட்டு எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 500 தட்டுகள் மட்டும் அச்சாகி வந்தது. அதை எழுதியவர்களில் ஜஸ்டினும் ஒருவர். 2005இல் முதல் தொகுப்பு 'அருளர்', தகப்பனாரின் இயக்கப் பெயர். 2007இல் இரண்டாவது தொகுப்பு 'கலா', தாயாரின் பெயர். அதில் வரும் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம்வரை ஏறியது. அந்தப் பாட்டின் அடியில் ஓடுவது 'த கிளாஷ்' என்ற லண்டன் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பதிவில் இருந்து எடுத்த ஒரு துண்டு. ரொக் குழு ஒன்றின் பழைய வாசிப்பு, இயந்திரத் தாளத்துக்கு மேல், எங்கள் பிள்ளையின் குரலோடு!

மாயாவின் பேச்சும் பாட்டும் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. எமது நேயர்களுக்குள்ளேயே அதில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் 2019இல் எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டபோது அவர் சொன்னதை இரு கட்சியாரும் கேட்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தன் தாயார் இப்படியான பதக்கங்களுக்குக் கையால் தைக்கும் வேலை செய்தவர் என்றார். ஊசி பிடித்த கைகளை எங்களில் பல குடும்பங்கள் அறியும்.

பிளேஸ்டோவிலும் இதே காலத்தில் இது நடந்தது. ஈஸ்ட்ஹாமைச் சேர்ந்த கேனோவின் முதல் தொகுப்பும் 2005இல்தான் வந்தது. அதில் ஒரு பாட்டில் பிளேஸ்டோப் பையன் கெட்ஸ், அந்நாளில் கெட்டோ என்ற பெயரோடு, கிற்றார் முழங்க வந்து போகிறார். இந்தக் கிரைம் இசை, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏறும் அதே பஸ்களில் ஏறி இறங்கிய பிள்ளைகள், படுக்கை அறைகளில் கம்பியூட்டரை வைத்துக் கட்டியது.

வாத்தியம் வாங்க, வகுப்புக்குக் கட்ட, ஸ்ரூடியோ எடுக்கப் பணம் வேண்டும். அகதியாக வந்த குடும்பத்திடம் அது இருப்பது அருமை. ஒரு பெட்டியும் ஒரு சிறிய தட்டும் அந்தச் செலவைக் குறைத்தன. அதோடு, இரவல் கொடுக்க ஒரு மனுசியும் வேண்டியிருந்தது.

கணக்கியலில் முதல் வருடமே படிப்பிக்கும் ஒரு விதி உண்டு. முடிவடையாத வேலையை ஐந்தொகையில் நட்டமாக எழுதுவதில்லை. அது சொத்துப் பக்கத்தில் வரும். எலாஸ்டிக்கா தங்கள் அரைகுறை வேலையை ஒளிக்காமல் வெளியே விட்டார்கள். மாயாவும் இரவல் பெட்டியில் அப்படித்தான் தொடங்கினார். உங்கள் பிள்ளை அறைக்குள் செய்கிற டும் டும் எங்கே போய் முடியும் என்று நானும் சொல்ல முடியாது. பரீட்சைக்குப் படிக்க வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதை இப்போதே நட்டக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஒருநாள் பக்கத்தில் இருந்து, "எது கிற்றார், எது மெஷின், காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லித் தரும்.