காப்பி முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் முடிந்திருக்காது!

திண்டிவனத்தில் என் சித்தப்பா மகன் கல்யாண வீடியோ எடுக்கிறான். அவனுடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதிந்து கொடுத்தவன் நான் என்பதால், எந்தச் சிக்கல் என்றாலும் போன் எனக்குத்தான் வரும். கேமராவின் மெமரி கார்டிலிருந்து 3 ஜிபி வீடியோ ஒன்றை பென் டிரைவிற்குக் காப்பி செய்திருக்கிறான். பச்சைக் கோடு முதலில் பறந்திருக்கிறது. கடைசியில் அப்படியே நின்றுவிட்டது. "முடிஞ்சிருக்கும்னு பிடுங்கிட்டேண்ணே" என்றான். பஸ் பிடித்து விழுப்புரத்தில் ஆல்பம் போடும் கடைக்குப் போய்ச் செருகினால், பைல் திறக்கவில்லை.

என்ன நடந்தது? லினக்ஸ் நீங்கள் காப்பி செய்திடும் பைலை நேராக டிரைவில் எழுதுவதில்லை. முதலில் ராம் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு எழுதுகிறது. இப்படிக் காத்திருக்கும் டேட்டா, வழக்கமான அமைப்பில், காலியாகக் கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம் வரை சேரலாம். 8 ஜிபி ராம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. மலிவான பென் டிரைவ் வினாடிக்கு 8 எம்பிதான் எழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு நின்ற பிறகும் மூன்று நிமிடம் வேலை பாக்கி இருக்கிறது! எனவே இஜெக்ட் கிளிக் செய்து, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகே பிடுங்கவும். டெர்மினல் பழகியவர்கள் 'சிங்க்' கட்டளை கொடுக்கலாம்; எழுதி முடித்த பிறகுதான் அது திரும்பும்.

உண்மையாகவே வேகம் குறைவு என்றால் முதலில் போர்ட்டைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது கணக்கில் 60 எம்பி. நடைமுறையில் 30, 40 தாண்டுவதே அரிது. யுஎஸ்பி 3.0 போர்ட்டின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகுங்கள். பழைய கேபிளும் வேகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது பார்மட். என்டிஎப்எஸ் டிரைவில் எழுத லினக்ஸ் நீண்ட காலம் கெர்னலுக்கு வெளியே ஓடும் டிரைவரையே நம்பியிருந்தது. அது ப்ராசசரை அதிகம் தின்னும். 2021-ல் வந்த 5.15 கெர்னலில்தான் புதிய டிரைவர் சேர்ந்தது. விண்டோஸிலும் பயன்படுத்த வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் போதும். பார்மட் செய்தால் டிரைவில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆயிரக்கணக்கான சிறு போட்டோக்கள் என்றால், எந்த டிரைவும் திணறும். அவற்றை ஒரே ஜிப் பைலாக்கி அனுப்புங்கள். நேரில் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது.

தம்பி அடுத்த முகூர்த்தத்திற்காக மெமரி கார்டை பார்மட் செய்ய இருந்தானாம். நல்ல வேளை, கடையிலிருந்தே போன் செய்தான்.