கையை விட்டால் விழுமா, நிற்குமா?

கிணற்றில் நீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த வாளி பாதித் தூரம் ஏறி வந்துவிட்டது. அப்போது கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? உருளை கடகடவென்று சுழல, வாளி தொப்பென்று நீரில் விழும். இனி, சாலையோரத்தில் டயர் மாற்றும் கார் ஓட்டுநரைக் கவனியுங்கள். ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, கார் சிறிது சிறிதாக உயருகிறது. பாதியில் அவர் கையை எடுத்து வியர்வையைத் துடைத்துக் கொள்கிறார். கார் இறங்கிவிடுகிறதா? இல்லை, இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இவ்விரண்டு காட்சிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் போதும். வீட்டில் நீங்கள் செய்யப்போகும் முதல் ரோபோவுக்கு ஏற்ற இயக்கியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

தள்ளவும் இழுக்கவும் ஒரு கருவி

மோட்டார் சுழலத்தான் செய்யும். ஆனால் எந்திரக் கையை உயர்த்தவோ, ஒரு மூடியைத் திறக்கவோ நேர்கோட்டில் தள்ளும் அல்லது இழுக்கும் விசை வேண்டும். அந்த விசையைத் தரும் கருவியே நேர்கோட்டு இயக்கி. கடைகளில் இதனை லீனியர் ஆக்சுவேட்டர் என்று கேட்டு வாங்கலாம். உங்கள் மேற்கைத் தசையும் ஒருவகை நேர்கோட்டு இயக்கிதான். அது சுருங்கும்போது முன்கை மடங்குகிறது அல்லவா? ஆனால் தசையால் இழுக்க மட்டுமே முடியும். நாம் செய்யும் இயக்கி தள்ளவும் செய்யும்.

முதல் ரோபோவுக்கு நான்கு வகைகளை எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, சோலினாய்டு. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டு சட்டென்று உள்ளே இழுக்கப்படும். வேகம் அதிகம், நகரும் தூரமோ மிகக் குறைவு. தண்டு விலகி நிற்க நிற்க இழுவிசை வெகுவாகக் குறைந்துவிடும். தாழ்ப்பாளுக்கு இது பொருந்தும். எந்திரக் கைக்குப் பொருந்தாது.

இரண்டாவது, சிரிஞ்சு. இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து நீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றொன்று நகரும். பாஸ்கல் விதியை விளக்க, பள்ளிக் கண்காட்சிகளில் பலர் இதைச் செய்திருப்பீர்கள். 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த யூனிமேட் என்னும் எந்திரக் கையும் திரவ அழுத்தத்தால் இயங்கியதே. செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு காற்றுக்குமிழி உள்ளே புகுந்தாலும் கை வில்லைப் போல் துள்ளும்.

மூன்றாவது, பற்சட்டம். மோட்டாரின் பற்சக்கரம் பல் வைத்த ஒரு நேர்ச்சட்டத்தை நகர்த்தும். வேகமானது, எளிமையானது. ஆனால் கிணற்று வாளியின் குறை இதற்கும் உண்டு. நான் முதலில் செய்த எந்திரக் கை இவ்வகையைச் சேர்ந்தது. கண்காட்சியில் அது ஒரு கண்ணாடி டம்ளரைத் தூக்கி நின்றபோது மின்சாரம் நின்றது. கை சரிந்தது, டம்ளர் நொறுங்கியது. பக்கத்தில் எவருடைய விரலும் இல்லாதது நல்ல காலம்.

நான்காவது, திருகு. மோட்டார் ஒரு மரைத்தண்டைச் சுற்றும். சுழலாதபடி தடுக்கப்பட்ட மரை, தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஜாக்கியின் உள்ளே இருப்பதும் இதுவே.

திருகு ஏன் நழுவுவதில்லை?

ஆய்வகத்தில் திருகு அளவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகு நகரும் தூரமே புரியிடைத் தூரம். சாதாரண 6 மி.மீ. மரைத்தண்டில் இது 1 மி.மீ. ஆகும். மரையின் பாதையை விரித்துப் பார்த்தால் அது ஒரு சாய்தளமே. சுமார் 17 மி.மீ. தூரம் சென்றால்தான் 1 மி.மீ. உயரம் ஏறலாம். அதன் சாய்வு ஏறத்தாழ மூன்றரை டிகிரிதான். எஃகின் மேல் எஃகு நழுவ எட்டு டிகிரி அளவுக்காவது சாய்வு வேண்டியிருக்கும். எனவே சுமை எவ்வளவு அழுத்தினாலும் மரை தானாக இறங்காது. மின்சாரம் நின்றாலும் கை நின்ற நிலையிலேயே நிற்கும்.

எல்லாத் திருகுகளும் இப்படியல்ல. முப்பரிமாண அச்சு எந்திரங்களில் வரும் 8 மி.மீ. தண்டு ஒன்று, ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். அதன் சாய்வு சுமார் 20 டிகிரி. வேகம் கிடைக்கும், ஆனால் மின்சாரம் நின்றால் சுமை தானாக இறங்கிவிடும். தண்டின் பருமனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம்.

உராய்வு இலவசமாகக் காவல் காப்பதில்லை. நமது 6 மி.மீ. தண்டில், மோட்டார் தரும் ஆற்றலில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். தானாக நழுவாமல் நிற்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

கணக்குப் போட்டு வாங்குங்கள்

அரை லிட்டர் நீர்ப் புட்டியைத் தூக்கும் கை ஒன்றை எண்ணிக்கொள்வோம். கையின் நீளம் 30 செ.மீ.; அதன் எடை 2 நியூட்டன்; நுனியில் உள்ள புட்டியின் எடை 5 நியூட்டன். கை கிடைமட்டமாக நிற்கும்போதுதான் சுமையின் திருப்புத்திறன் மிக அதிகம். புட்டியால் 5 × 30 = 150; கையின் எடை நடுவில் செயல்படுவதால் 2 × 15 = 30. ஆக மொத்தம் 180 நியூட்டன் செ.மீ.

இயக்கியை மூட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பொருத்துகிறோம். செங்குத்தாகத் தள்ளினால் 36 நியூட்டன் போதும். கைக்கு 30 டிகிரி சாய்வாகத் தள்ளினால் விசையில் பாதிதான் பயன்படும். ஆகவே 72 நியூட்டன் வேண்டும். உராய்வுக்கும் நம் பிழைகளுக்கும் இடம் விட்டு, 150 நியூட்டன் தரும் இயக்கியைத் தேடுவோம். 7 நியூட்டன் சுமைக்கு 150 நியூட்டனா என்று வியக்காதீர்கள். நெம்புகோலின் குறுகிய புயத்தில் தள்ளுவதன் விளைவு இது.

கை 60 டிகிரி திரும்பினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். இயக்கியின் நுனி 5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் நகர்கிறது. 60 டிகிரிக்குரிய நாண் ஆரத்துக்குச் சமம் என்பது வடிவியலில் படித்ததுதான். எனவே 5 செ.மீ.க்கு மேல் நீளும் இயக்கி தேவையில்லை.

இத்தூரத்தை 5 வினாடியில் கடக்க, வேகம் வினாடிக்கு 10 மி.மீ.; நமது தண்டு நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றவேண்டும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது: 72 × 0.01 = 0.72 வாட். திருகின் உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், மின்கலத்திலிருந்து சுமார் 5 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் இது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதே வேலை ஒரே வினாடியில் முடியவேண்டுமென்றால் 25 வாட் தேவை. 2 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம். விசை, வேகம், சிறிய மின்கலம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மறக்கக் கூடாதவை

தண்டு கடைசிவரை நீண்டதும் மோட்டார் முட்டிக்கொண்டு நின்றால், மின்னோட்டம் பலமடங்கு பெருகிச் சுருள் கருகிவிடும். இரு முனைகளிலும் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்சுகள் அவசியம். மின்கலத்தை அடுத்து ஒரு ஃபியூஸ் கம்பியும் வேண்டும்.

இயக்கியின் இரு முனைகளையும் அசையும் ஊசிகளால் பொருத்துங்கள். பக்கவாட்டில் அழுத்தினால் தண்டு வளைந்துவிடும்.

வேலை நேரம் 25 சதவீதம் என்று குறித்திருந்தால், ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மூன்று நிமிடம் ஆறவிடவேண்டும் என்று பொருள்.

150 நியூட்டன் என்பது 15 கிலோ எடைக்குச் சமம். திருகு தானாகப் பின்வாங்காது. அகப்பட்ட விரலையும் அது விடாது. மின் இணைப்பை நீக்கினால்கூட அழுத்தம் குறையாது. மோட்டாரைத் திருப்பி ஓட்டினால்தான் விரல் வெளியே வரும். ஆகவே முதல் ஓட்டத்தின்போது கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பலகையில் மரத்துண்டை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு எந்தக் கோணத்தில் நழுவத் தொடங்குகிறது என்று கோணமானியால் அளந்து எழுதுங்கள். பிறகு பலகையில் மெழுகு தேய்த்து மறுபடியும் அளந்து பாருங்கள். திருகு நிற்பதும் நழுவுவதும் அந்த ஒரு கோணத்தில் அடங்கியிருப்பது விளங்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. மேலே சொன்ன இயக்கியை மூட்டிலிருந்து 5 செ.மீ.க்குப் பதிலாக 10 செ.மீ. தள்ளிப் பொருத்தினால் விசை என்ன ஆகும்? நகரவேண்டிய தூரம் என்ன ஆகும்? திறன் மாறுமா? தாளில் விடை கண்டபின் கடைக்குப் புறப்படுங்கள். உங்கள் கைப்பணமும் மிஞ்சும்; எந்திரக் கையும் நிமிர்ந்து நிற்கும்.