ரிக்குசென்தகாத்தா: ஊர் இருந்த இடம்

புகைப்படக் கலைஞர் நவோயா ஹத்தகேயாமா 1958-இல் பிறந்த ஊர் இது. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மலைகளை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சிகளால் பெயர் பெற்ற அவர், ஊருக்குப் போகும்போதெல்லாம் கெசென் ஆற்றங்கரையைத் தமக்காகப் படமெடுத்து வைத்தார். கண்காட்சிக்கென்று எடுத்தவை அல்ல அவை. ஆற்றோரத்து வீடுகள், பாலம், வெயில் என்று சாதாரணமாகவே இருக்கும்.

2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை ஊரை வாரிச் சென்றது. அவருடைய தாயாரும் இறந்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய படங்கள் பொதுப் பார்வைக்கு வந்தன.

கடலோரம் இருந்த சுமார் 70,000 பைன் மரங்களில் தப்பி நின்றது ஒன்றே ஒன்று. உப்புநீர் வேரில் ஏறி, 2012-இல் அதுவும் பட்டுப்போனது.

பிற்காலப் படங்களை நின்று பாருங்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலையை வெட்டி, ராட்சதக் கன்வேயர் பெல்ட்டில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நகரின் தரைமட்டம் பத்து மீட்டர் அளவுக்கு உயர்கிறது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனாலும் அலை விட்டுவைத்த தெருத் தடங்களும் வீட்டு அடித்தளங்களும் அந்த மண்ணுக்கு அடியில் போயின. வெட்டப்படும் மலை அவர் சிறுவயதில் தினமும் பார்த்த மலை. அதையும் அவர் விடாமல் படமெடுத்தார்.