அரசின் கொடியும் திராட்சைக் கொடியும்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள ஸ்திராஸ்பூர் நகரில், பொது மருத்துவமனையின் அடியில் 1395-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நிலவறை ஒன்று உள்ளது. முற்காலத்தில் நோயாளிகள் சிலர் சிகிச்சைக்கு ஈடாகத் தங்கள் திராட்சைத் தோட்டங்களையே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தனர் என்பர். அந்த நிலவறையில் 1472-ஆம் ஆண்டின் வெள்ளை ஒயின் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அது இதுவரை மூன்று முறையே பரிமாறப்பட்டதாகக் கூறப்படுகிறது: 1576, 1718, 1944. கடைசி முறை அதைச் சுவைத்தவர், நகரை ஜெர்மானியப் படையிடமிருந்து மீட்ட தளபதி லெக்லேர்.

இந்நகரைத் தலைநகராகக் கொண்ட அல்சாஸ் பகுதியின் வரலாறே அந்தப் பீப்பாயில் அடங்கியிருக்கிறது எனலாம். 1871-இல் ஜெர்மனி வசம். முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சு. 1940-இல் மீண்டும் ஜெர்மனி. 1945-இல் மீண்டும் பிரான்சு. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அரசின் கொடி நான்கு முறை மாறியது.

இதனால் திராட்சைக் கொடியும் பாதிக்கப்பட்டது. 1871-க்குப் பிந்தைய ஆட்சிக் காலத்தில், பிற ஒயின்களுடன் கலப்பதற்கான மலிவுச் சரக்கே இங்கிருந்து மிகுதியாகச் சென்றது. ஊரின் பெயர் மங்கியது. பிரான்சுடன் இணைந்தபின் உழவர்கள் விளைச்சல் மிகுந்த மட்ட ரகங்களைக் குறைத்து, உயர்ந்த ரகங்களைப் படிப்படியாக நட்டனர். 1962-இல் அல்சாஸ் ஒயினுக்குப் பிறப்பிடப் பெயர் உரிமை கிடைத்தது. 1972 முதல் அங்கேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. புட்டியின் மீது ஒரு திராட்சை ரகத்தின் பெயரை மட்டும் குறித்தால், உள்ளிருப்பது முழுவதும் அந்த ரகமாகவே இருத்தல் வேண்டும்.

மேற்கே உள்ள வோஜ் மலைத்தொடர் மழைமேகங்களைத் தடுப்பதால், கோல்மார் நகர்ப் பகுதி பிரான்சிலேயே மழை குறைந்த இடங்களுள் ஒன்று. நீண்டு வறண்ட இலையுதிர் காலத்தில் பழங்கள் நிதானமாக முதிர்கின்றன. இங்கு விளைவனவற்றுள் பெரும்பாலானவை வெள்ளை ஒயின்கள்.

ஒவ்வொரு ரகத்துக்கும் ஏற்ற உணவும் உண்டு. ரீஸ்லிங் புளிப்பும் தெளிவும் உடையது. மீனுக்கும், புளிக்கவைத்த முட்டைக்கோசை இறைச்சியுடன் சமைக்கும் ‘சூக்ரூத்’துக்கும் பொருந்தும். பினோ கிரி கனமானது. காளான், வறுத்த இறைச்சி ஆகியவற்றுக்கு உரியது. பழத்தின் மணம் மாறாத மஸ்கட், இளவேனிலில் தண்ணீர்விட்டான் தண்டுடன் பரிமாறப்படும். ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கும் கெவுர்ஸ்டிராமினர், கடும் வாசனையுள்ள மன்ஸ்டர் பாலாடைக்கட்டிக்கு இணை. மசாலா மிகுந்த ஆசிய உணவுகளுக்கும் அதையே பரிந்துரைக்கின்றனர்.

1953-இல் தொடங்கப்பட்ட ஒயின் சாலை, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தச் சிற்றூர்களை இணைக்கிறது. மது அருந்தாதவர்க்கும் அது கண்ணுக்கு விருந்தே.

நற்பெயரும் ஒரு சொத்து என்று வணிகவியல் கற்பிக்கிறது. அதை இழக்கச் சில ஆண்டுகள் போதும். மீட்க ஒரு தலைமுறை வேண்டும். மண்ணின் உரிமையாளர் யார் என்பதை அல்சாஸ் உழவர்களால் தீர்மானிக்க இயலவில்லை. புட்டியின் மீது எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் வேறுபாடு இருத்தலாகாது என்பதை அவர்களால் தீர்மானிக்க முடிந்தது.